மூன்றாம் குழு

ஆறு ஆறாக நான்கு கூண்டு.
முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டாவதுக்கு ஈயம்.
மூன்றாவதுக்கு ஈயமும்,
ஒரு மணி நேரம் கழித்து மருந்தும்.
நான்காவதுக்கு மருந்து மட்டும்.
தலையில், முதுகில், வாலில் என்று
மஞ்சள் சாயம் தொட்டு அடையாளம் வைப்பது என் வேலை.
எடை பார்ப்பது, உமி மாற்றுவது,
எலியின் தொண்டையில் குழாய் இறங்கும்போது
ஜெசிந்தா மேடத்துக்குக் கை நடுங்காதபடி
எதையாவது பேசிக்கொண்டே இருப்பது.

"உள்ளே துருப்பிடிக்குது அக்கா, அவ்வளவுதான்."
ஒருநாள் டீ நேரத்தில் சொன்னாள்.
ஈயம் போய் உட்காரும் இடமெல்லாம் துரு.
கல்லீரல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.
இந்த மருந்து துருவுக்கு முன்னால் போய் நின்று
"என்னைத் தின்னு" என்று தன்னைக் கொடுத்துவிடும்.

துரு எனக்குத் தெரியும்.
கடலூர் ஓ.டி.யில் என் ஜன்னல் கம்பியை
உப்புக்காற்று மூன்றே வருஷத்தில் தின்றது.
பெயிண்ட் அடித்தேன். நல்ல பெயிண்ட்.
மறுநாளும் காற்று வந்தது.
அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

தேவநாதன் பழைய பேட்டரி உடைக்கும் ஷெட்டில் இருக்கிறார்.
உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடை
நீளக் கரண்டியால் வழித்தெடுப்பவர்.
அவர் சட்டையைத் தனி வாளியில் ஊறவைக்கிறேன்.
அடியில் தங்குவதை விரலால் தொட்டால்
அழித்த பென்சில் எழுத்து மாதிரி ஒட்டும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று
ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: "குடிப்பீங்களா?"
எங்கள் தெரு ஆண்கள் பஸ் பிடித்துப் போய்
இறங்கும் இடம் முள்ளோடை.
இவர் அங்கே டீக்குக்கூட இறங்கியதில்லை.
"இல்ல சார்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.
நானும் இல்லை என்றேன்.
மறுபடி என்னையே பார்த்தார்.
கடைசியில் ரத்தம் சொன்னது.
ஆனாலும் குடிக்காத அந்தக் குடி
சீட்டில் ஒரு கேள்விக்குறியோடு இன்னும் இருக்கிறது.

ஈயத்தை இறக்க ஒரு மாத்திரை.
கல்லீரலுக்கு ஒன்று, தினம் இரண்டு வேளை.
"முதல்ல அங்க போறத நிறுத்துங்க."
அதையும் சொன்னார்கள், எழுதித் தரவில்லை.
திங்கட்கிழமை காலை
மாத்திரைப் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஷெட்டுக்குக் கிளம்பினார்.
ஈயமும், ஒரு மணி நேரம் கழித்து மருந்தும்.

இருபத்தெட்டாம் நாள் எல்லாக் கூண்டையும் திறந்தோம்.
இரண்டாவதின் கல்லீரல் வெளிறி, புள்ளி புள்ளியாய்.
மூன்றாவதைக் குளிர்ந்த உப்புநீரில் அலசி
தட்டில் வைத்துக்கொண்டு மேடம் சிரித்தாள்.
"பாருங்க அக்கா, கிட்டத்தட்ட முதல் குழு மாதிரியே!"
ஒன்றரை வருஷ உழைப்பு. நானும் சிரித்தேன்.
பொய்யில்லை, சந்தோஷமாகவே இருந்தது.
மருந்து வேலை செய்கிறது.
கிட்டத்தட்ட.
அதைப் பார்க்க எலியைத் திறக்க வேண்டியிருந்தது.

கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டேன்:
"மூணாவதுக்கு ஈயத்தை மட்டும் நிறுத்திட்டு
மருந்தைத் தொடர்ந்து குடுத்திருந்தா?"
கையுறையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.
"அது வேற ஸ்டடி அக்கா.
அதுக்கு அஞ்சாவது குழு வேணும்."

ரெட்டிச்சாவடியில் உட்கார இடம் கிடைத்தது.
அஞ்சாவது குழுவுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
என் சம்பளம். சின்னவன் பீஸ். வாடகை.
குழுக்கடன் இன்னும் ஏழு தவணை.
மீன் இல்லாமல் ஒரு தடவை போட்டேன்.
கேபிள் இல்லாமல் ஒரு தடவை.
மஞ்சக்குப்பம் வந்தும் நாலாயிரத்து இருநூறு இடித்தது.

வீட்டில் அவர் தூங்கிப்போயிருந்தார், வாய் லேசாகத் திறந்து.
பட்டையில் சாயங்கால மாத்திரை அப்படியே இருந்தது.
எழுப்பிக் கொடுத்தேன்.
பின்கட்டில் வாளி.
சட்டையைப் பிழிந்து உதறிக் காயப்போட்டேன்.
அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று மட்டும்
இன்றைக்கும் தெரியவில்லை.